செபாஸ்டியன் அங்கிளின் வேட்டைக் கோட்டு

செபாஸ்டியன் அங்கிளுக்கு வெடிச் சத்தம் ஆகாது. தீபாவளிக்கு மூன்று நாள் முன்னாலிருந்தே காதில் பஞ்சோடு நடமாடுவார். கிள்ளானில் அவர் வீட்டு மாடியறைக்கு நான் வாடகைக்கு வந்த முதல் வருஷம், பக்கத்து வீட்டில் சரம் கொளுத்தியபோது அவர் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். அவர் மனைவி உர்சுலா ஆன்டி கதவைத் தட்டி, "முடிஞ்சிருச்சு, வெளிய வாங்க" என்றார், மழை விட்டுவிட்டது என்று சொல்வதைப்போல.

காரணத்தை அவரே ஒருநாள் சொன்னார். ரயில்வே குவார்ட்டர்சில் வளர்ந்தவர். ஏழு வயதில், பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு காலையில், தெருநாய்களைச் சுட வந்த ஆட்கள் அவருடைய நாயையும் சேர்த்துச் சுட்டுவிட்டார்கள். அதன் கழுத்தில் பட்டை இல்லை. பட்டை அவர் கையில் இருந்தது. குளிப்பாட்டிவிட்டு அப்போதுதான் கழற்றியிருந்தார்.  

இப்படிப்பட்ட மனிதருக்கு இங்கிலாந்து அரச குடும்பத்தின் வேட்டையைப் பற்றித் தெரியாத விஷயம் இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி ஸ்கோட்லாந்து மலையில் கிரவுஸ் பறவையைச் சுட ஆரம்பிப்பார்கள். அக்டோபர் முதல் தேதி பெசன்ட். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நோர்ஃபோக்கில் இருக்கும் அரச பண்ணையில் குடும்பமே கோட்டும் பூட்சுமாக வயலில் இறங்கிவிடும். குளிர்காலத்தில் வெளிச்சம் சீக்கிரம் போய்விடுகிறதே என்று, அந்தக் காலத்து ராஜா ஒருவர் பண்ணையின் கடிகாரங்களையெல்லாம் அரைமணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டார். மறைந்த ராணியார் நாய்களோடு பின்னால் நின்று, விழுந்த பறவைகளைப் பொறுக்க வைப்பார். இதெல்லாம் அங்கிள் காப்பிக்கடையில் சொல்லும் சங்கதிகள்.

அவருடன் ரயில்வேயில் வேலை பார்த்த பாலன் அங்கிள் விடமாட்டார். "செபா, இந்த வாரம் உன் சம்பந்தி எத்தனை கோழி சுட்டாரு?"

"கோழி இல்லடா. பெசன்ட்."

"றெக்கை இருக்கு, முட்டை போடுது, கறி வைக்கிறான். கோழிதான்லா."

சங்கதிகள் வந்த வழி அவருடைய மகள் ஷார்மைன். நோர்ஃபோக்கில் ஆறு வருஷமாக நர்ஸ். குளிர்கால சனிக்கிழமைகளில், அரச பண்ணையை ஒட்டிய இன்னொரு பண்ணைக்குப் பறவை கிளப்பும் வேலைக்குப் போவாள். முப்பது பேர் வரிசையாக நின்று கம்பால் புதரைத் தட்டிக்கொண்டே நடக்க வேண்டும். பறவைகள் எழும்பி, எதிரே நம்பர் குச்சிகளுக்குப் பக்கத்தில் நிற்கும் துப்பாக்கிக்காரர்களின் தலைக்கு மேலே பறக்கும். நாள் முடிவில் கையில் கொஞ்சம் காசும் ஒரு ஜோடி பெசன்டும் கொடுத்து அனுப்புவார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அங்கிள் முற்றத்து நாற்காலியில் உட்கார்ந்து மகளின் குரல்செய்தியை இரண்டு முறை கேட்பார்.

அவரைப் பிடித்துவைத்திருந்தது துப்பாக்கி அல்ல, ஊதல். முதல் ஊதலுக்குச் சுட ஆரம்பிக்கலாம். புதர் தட்டுபவர்கள் நெருங்கி வந்ததும் இரண்டாவது ஊதல். அதற்குப் பிறகு அவர்கள் வரும் பக்கம் சுடக்கூடாது. கடைசி ஊதலோடு எல்லாத் துப்பாக்கியும் காலியாக வேண்டும். "அதுக்கப்புறம் ஒருத்தன் சுட்டா, அவன் யாரா இருந்தாலும் வீட்டுக்கு அனுப்பிருவாங்க" என்பார் என்னிடம். முப்பத்தொரு வருஷம் ரயில்வேயில் சிக்னல் பராமரித்தவர். "பயத்துக்கு ஒரு ஒழுங்கு வெச்சிருக்காங்க பாருங்க, ஜீவன். நமக்கு அது இல்ல."

மகளிடம் அவர் வாழ்நாளில் கேட்டது ஒன்றே ஒன்று: அந்த வேட்டைக்காரர்கள் போடுகிற மாதிரி ஒரு கோட்டு.

ஷார்மைன் வேலை செய்த பண்ணையில் டெரெக் என்று ஒரு கிழவர் இருந்தார். துப்பாக்கிக்காரர்களின் பக்கத்தில் நின்று தோட்டா போட்டுக் கொடுப்பவர். முழங்கால் முடியாமல் வேலையை விட்டபோது தன் பழைய கோட்டை அவளிடம் கொடுத்தார். தன் அப்பா இதைப் போட்டுக்கொண்டு அரச வேட்டையில் நின்றார் என்றாராம். உண்மையோ, கிழவரின் கதையோ. ஷார்மைன் எட்டுப் பாக்கெட்டையும் வெளியே இழுத்து உதறிப் பார்த்துவிட்டு, சாக்லேட், பழைய துணிகளோடு ஒரு பெட்டியில் போட்டு ஆகஸ்ட் மாதம் கப்பலில் அனுப்பினாள். நவம்பர் முதல் வாரம் பெட்டி கிள்ளான் வீட்டுக்கு வந்தது.

முப்பத்து மூன்று டிகிரி வெயிலில், விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு, அங்கிள் கண்ணாடி முன்னால் அதைப் போட்டுப் பார்த்தார். கை விரல் நுனிவரை மூடியது. கீழே முழங்காலைத் தாண்டியது.

"ராஜா மாதிரி இருக்கேனா?"

"ராஜாவோட லோரி டிரைவர் மாதிரி இருக்கீங்க" என்றார் ஆன்டி.

என் அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில். பக்கத்துச் சந்தில் முகுந்தன் என்ற தையல்காரர் இருக்கிறார். கையையும் கீழ்மடிப்பையும் சுருக்கித் தரச் சொல்லி, திங்கட்கிழமை காலை கோட்டைக் காகிதப் பையில் போட்டு நான்தான் எடுத்துப்போனேன். கொமுட்டர் ரயிலில் அந்தப் பையை மடியில் வைத்தபடி தூங்கிக்கொண்டே போனேன். அதை இப்போது நினைத்தாலும் என் உள்ளங்கை வேர்க்கிறது.

வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு முகுந்தன் கூப்பிட்டார். "பாஸ், அந்தக் கோட்டு. கொஞ்சம் வாங்க."

"முடிஞ்சிருச்சா?"

"வாங்க பாஸ். போன்ல வேணாம்."

கடையின் இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனேன். முகுந்தன் தையல் மெஷினை விட்டு எவ்வளவு தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தள்ளி, சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தார். வெட்டு மேசையின் நடுவே ஒரு பிஸ்கட் டின் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"கீழ்மடிப்பைப் பிரிச்சேன் பாஸ். உள்ளேர்ந்து உருண்டு வந்துச்சு. பேட்டரின்னு நெனச்சுக் கையில எடுத்துட்டேன்."

டின்னைத் தூக்கினேன். விரல் நீளத்துக்கும் குறைவான, சிவப்பு பிளாஸ்டிக் குழாய். அடியில் பித்தளை. பெயரை யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. டின்னை மறுபடி கவிழ்த்தேன். அது மேசையில் பட்டு எழுப்பிய சிறு சத்தத்துக்கே இரண்டு பேரும் பின்வாங்கினோம்.

"எடுத்துட்டுப் போயிருங்க பாஸ். எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க. இங்க பாலாய் எவ்வளவு பக்கம் தெரியும்ல?"

பாலாய் என்றால் இங்கே போலீஸ் நிலையம். நடந்து போனால் பத்து நிமிஷம்.

நான் திருச்சியிலிருந்து வந்து ஐந்து வருஷம் ஆகிறது. என் வேலை அனுமதி புதுப்பிப்புக்குப் போய் இரண்டு மாதமாகப் பதில் இல்லை. சாலையில் போலீஸ்காரர் நின்றாலே, எல்லாத் தாளும் சரியாக இருக்கும்போதும், நான் எதிர்ப் பக்கம் போய்விடுகிறவன். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று போனில் சட்டத்தைத் தேடினேன். உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருந்தால் ஏழு வருஷம்வரை சிறை. படித்து முடித்ததும், நான் தேடியதற்கான தடத்தை அழித்தேன். பிறகு, அழித்தது எங்காவது பதிவாகியிருக்குமோ என்று பயந்தேன்.

அங்கிளைக் கூப்பிட்டேன். என்ன சொல்வது என்று தெரியாமல், "கோட்டுல ஒரு லெமாங் இருக்கு அங்கிள், சின்னது, சிவப்பு" என்றேன். மூங்கில் குழாயில் வேகவைக்கும் சோற்றின் பெயர்தான் அந்த நேரத்தில் வாயில் வந்தது.  "யாரும் தொடாதீங்க, வரேன்" என்று வைத்துவிட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து வந்தார். கடைக்குள் நுழையாமல் பாதிக் கதவுக்கு வெளியே நின்றார். அவருடைய கால்கள் மட்டும் எங்களுக்குத் தெரிந்தன. செருப்பு ஒரு காலுக்கு ஒன்றாக வேறு வேறு ஜோடி. பிறகு குனிந்து உள்ளே வந்தார். டின் பக்கம் பார்க்காமலே மகளைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டார். அங்கே காலை எட்டரை. ஷார்மைன் இரவுப் பணி முடிந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தாள்.

"இருக்காது டாடி. எட்டுப் பாக்கெட்டும் பார்த்தேன்."

"பாக்கெட்டுல இல்லம்மா. உள்துணிக்கும் வெளித்துணிக்கும் நடுவுல."

"பாக்கெட் ஓட்டை வழியா கீழ இறங்கியிருக்கு" என்றார் முகுந்தன் சுவரோரமிருந்து.

அவள் குரல் மாறியது. நோயாளியிடம் பேசும் குரல் அதுவாகத்தான் இருக்க வேண்டும். "வாய்ப் பக்கம் பாருங்க. திறந்திருக்கா, நட்சத்திரம் மாதிரி மடிச்சிருக்கா?"

அங்கிள் என்னைப் பார்த்தார். நான் டின்னைத் தூக்கினேன். "மடிச்சிருக்கு."

"அப்ப வெடிக்காதது" என்றாள். "அடியில, பித்தளை நடுவுல ஒரு சின்ன வட்டம் இருக்கும். அதுல குழி விழுந்திருக்கா?"

முகுந்தன் மண்டியிட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். "இருக்கு. ஊசி குத்தினாப்ல."

"சுட்டிருக்காங்க, வெடிக்கல. அப்படி ஆனா அரை நிமிஷம் துப்பாக்கியை அப்படியே பிடிச்சுக்கிட்டு நிக்கணும். அப்புறம் எடுத்து, காலி தோட்டாவோட சேர்க்காம தனிப் பாக்கெட்டுல வெச்சு, சாயங்காலம் பண்ணைக் காவலர்கிட்ட குடுக்கணும். அதான் அங்க வழக்கம். டெரெக் தனியா வெச்சிருக்காரு. குடுக்க மறந்துட்டாரு. யாரும் அசைக்காதீங்க. வெயில் படாம வைங்க."

பிறகு யாரும் கேட்காமலே அவள் தன் விஷயத்தைச் சொன்னாள். அங்கே நிரந்தரமாகத் தங்குவதற்குச் செப்டம்பரில்தான் மனு போட்டிருந்தாள். எந்த நாட்டில் போலீஸ் விசாரணை வந்தாலும் குடிநுழைவு இலாகாவுக்கும் நர்ஸ்களின் கவுன்சிலுக்கும் சொல்லியாக வேண்டும். பெட்டியை அனுப்பியவள் என்று கையெழுத்துப் போட்டிருப்பது அவள். "ஆறு வருஷம் டாடி" என்றாள். அதற்குமேல் அழுகை. "நீங்க எது சரின்னு நெனக்கிறீங்களோ செய்யுங்க." வைத்துவிட்டாள்.

நான் ஆற்றைச் சொன்னேன். கிள்ளான் பாலத்திலிருந்து போட்டுவிட்டால் முடிந்தது.

அங்கிள் மறுத்துத் தலையாட்டினார். "சிக்னல்ல லைட்டு எரியலைன்னா பச்சைன்னு எடுத்துக்க முடியாது, ஜீவன். சிவப்புன்னுதான் எடுத்துக்கணும். இது வெடிக்கல. அதுக்காகச் செத்துப் போச்சுன்னு சொல்ல முடியுமா? பாலத்துக்குக் கீழ எத்தனை பேர் தூண்டில் போடுறான்." போனைப் பாக்கெட்டில் போட்டார். "பாலாய்க்குத்தான் போகணும். ஆனா ஷார்மைன்..."

அப்போது நான் சொன்னதை முழுதாக எழுதிவிடுகிறேன். "பண்டல்ல வாங்கினேன்னு சொல்லுங்க அங்கிள்."

வெளிநாட்டில் கழித்த பழைய துணிகள் மூட்டை மூட்டையாகக் கப்பலில் இங்கே வந்து இறங்கும். அவற்றைப் பிரித்து விற்கும் கடைகளுக்குப் பெயர் பண்டல் கடை. இங்கிலாந்துக் கோட்டு, ஜப்பான் சட்டை, கொரியாக் குளிராடை எல்லாம் தொங்கும். யார் போட்டது, எங்கிருந்து வந்தது, ஒருவருக்கும் தெரியாது.

"ஆமா அங்கிள்" என்றார் முகுந்தன். "நானும் அப்படித்தான்னு சொல்றேன்."

"அப்படிச் சொன்னா பிள்ளை பேரு வராதுல்ல?"

"வராது அங்கிள்" என்றேன்.

பாலாயில் எங்களை யாரும் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்கமாட்டேன். இரண்டு பேர் எங்களோடு கடைக்கு வந்து, படம் எடுத்து, தோட்டாவை மணல் போட்ட பெட்டியில் வைத்துக் கோட்டோடு கொண்டுபோனார்கள். முகுந்தனிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். பிறகு அங்கிளை ஓர் இன்ஸ்பெக்டர் அம்மாவின் மேசைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும், வெளிர்நீல முக்காடு, மெதுவான மலாய்.

"நீங்களாகவே வந்தது நல்லது, அங்கிள். கோட்டு எங்கே வாங்கினது?"

"பண்டல் கடையில்."

"எந்தக் கடை?"

அதை நாங்கள் யோசித்து வைத்திருக்கவில்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவரிடம் பொய்யைக் கொடுத்து அனுப்பினால் அவர் அதற்குள் உண்மையைத்தான் தேடுவார். அவர் வாழ்க்கையில் ஒரே ஒரு பண்டல் கடைக்குத்தான், ஆன்டியின் சிநேகிதி கடைக்குத்தான், போயிருக்கிறார். கேட்டதும் அதன் பெயர் வந்துவிட்டது.

"மேருவில். தனலெட்சுமி கடை."

சொன்ன வாய் மூடவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டதுபோல முகம் ஒருகணம் சுருங்கியது. இன்ஸ்பெக்டர் தட்டச்சு செய்தார். தாள் அச்சாகி வந்தது. அங்கிள் மூக்குக் கண்ணாடியைத் தேடி, போட்டு, ஒவ்வொரு வரியாகப் படித்து, கையெழுத்துப் போட்டார்.

திரும்பும் ரயிலில் சுபாங் ஸ்டேஷன் வரும்வரை அங்கிள் நின்றுகொண்டே வந்தார். பிறகு, "அவங்க கடையில நூறு பேர் வாங்குறாங்க. சும்மா கேட்டுட்டு விட்டுருவாங்க, இல்ல?" என்றார்.

"கேட்டுட்டு விட்டுருவாங்க அங்கிள்."

நாங்கள் சொன்னதை எல்லாம் ஆன்டி அடுப்புப் பக்கம் திரும்பி நின்று கேட்டார். திரும்பியபோது கையிலிருந்த கரண்டியைக் கழுவித் துடைத்துக் கொக்கியில் மாட்டினார். அவ்வளவு நிதானமாக அவர் எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

"தனம் புருஷன் செத்து எத்தனை மாசம்?"

அங்கிள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"பதினோரு மாசம். அவ தனியா மூட்டை தூக்கிக் கடை நடத்துறா. நீங்க போய் அவ பேரைக் குடுத்துட்டு வந்திருக்கீங்க."

"வாயில வந்துருச்சு, உர்சுலா."

"நாய்க்குக் கூட அறுபது வருஷமா அழுறீங்க." இதைச் சொன்னதும் ஆன்டி நிறுத்திக்கொண்டார். மேசையில் சாப்பாடு இருந்தது. யாரும் தொடவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆன்டியின் போன் அடித்தது. தனலெட்சுமி. ஆன்டி போனை மேசையில் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி விட்டார்.

"அக்கா, பசியாறிட்டீங்களா?" பழக்கத்தில் வந்த வார்த்தைகள். குரல் கிழிந்திருந்தது. "கடைக்கு போலீஸ் வந்திருக்குக்கா. ஏழெட்டுப் பேரு. மூட்டையெல்லாம் பிரிச்சுக் கொட்டுறாங்க. கோட்டுங்கிறாங்க, தோட்டாங்கிறாங்க, எனக்கு ஒண்ணும் புரியல. நான் எங்கக்கா தோட்டாவுக்குப் போவேன்? மேலதிகாரிகிட்ட வந்து பேசுன்னு சொல்றாங்க. அண்ணே இருக்காங்களா? அண்ணன் கவர்மெண்ட்ல வேலை பாத்தவங்க, பேசத் தெரியும். கொஞ்சம் வரச் சொல்லுங்கக்கா."

அங்கிள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது.

"தனம்" என்றார். "நான் பாலாய்க்குப் போய்ப் பேசுறேன். உங்க மேல தப்பில்ல. பயப்படாதீங்க."

"நீங்க சொன்னா தைரியமா இருக்குண்ணே."

அந்த வரியை அவர் எப்படித் தாங்கினார் என்று தெரியவில்லை. எழுந்து போய்க் குளித்தார். பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். ரத்த அழுத்த மாத்திரையை ஒரு வாரத்துக்கு எண்ணி ஒரு சிறு டப்பாவில் போட்டுப் பாக்கெட்டில் வைத்தார். ஐசி என்ற அடையாள அட்டை, ஓய்வூதிய அட்டை. மோதிரத்தைக் கழற்றி ஆன்டியிடம் கொடுக்கப் போனார்.

"போட்டுக்கிட்டே இருங்க" என்றார் ஆன்டி. "உள்ள வெச்சா அங்க கழட்டிக் குடுங்க." அவரும் சேலை மாற்றிக்கொண்டு வந்தார்.

நான் வேலைக்கு லீவு சொன்னேன். போகாமல் இருக்க எனக்கு எத்தனையோ காரணம் இருந்தது. ரயிலில் அவை ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டே போனேன்.

அதே மேசை, அதே இன்ஸ்பெக்டர். அங்கிள் உட்காரவில்லை.

"நேற்று நான் சொன்னது பொய், பூவான். மேரு கடைக்கும் கோட்டுக்கும் சம்பந்தம் இல்லை. அங்கே இருக்கிற உங்கள் ஆட்களைத் திரும்பக் கூப்பிடுங்கள். முதலில் அதைச் செய்யுங்கள், பிறகு நான் எல்லாம் சொல்கிறேன்." பூவான் என்பது மலாயில் மரியாதையாக அம்மா என்று கூப்பிடுவது.

இன்ஸ்பெக்டர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். "போலீசிடம் பொய்த் தகவல் கொடுப்பது தனிக் குற்றம். தெரியுமா?"

"தெரியும்."

"நேற்று இருந்ததைவிட இன்று உங்கள் நிலைமை மோசம்."

"தெரியும்." நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "அந்த அம்மா தனியாக இருக்கிறார்."

இன்ஸ்பெக்டர் எழுந்து வெளியே போய், கதவுக்கு அப்பால் யாரிடமோ போனில் பேசிவிட்டு வந்தார். நேற்றைய தாளை எடுத்துத் தனியாக வைத்தார். "பண்டல் என்று சொல்லும்படி யார் சொல்லிக் கொடுத்தது?"

நான் இரண்டடி தள்ளி, சுவரோர பெஞ்சில், ஆன்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் பாஸ்போர்ட் சட்டைப் பையில் நெஞ்சைக் குத்திக்கொண்டிருந்தது. எழுந்து நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் எழவில்லை.

"யாரும் இல்லை" என்றார் அங்கிள். "எனக்கே தோன்றியது."

ஆன்டி என் பக்கம் திரும்பவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகும் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. 

அங்கிள் ஆரம்பத்திலிருந்து சொன்னார். மகள், பண்ணை, டெரெக், வெடிக்காத தோட்டாவைத் தனிப் பாக்கெட்டில் வைக்கும் வழக்கம், கப்பல் பெட்டி. அரச வேட்டையைப் பற்றிச் சொல்லும்போது இன்ஸ்பெக்டர் ஒருமுறை தட்டச்சை நிறுத்தினார்.

"நீங்கள் வேட்டையாடுவீர்களா, அங்கிள்?"

"துப்பாக்கியைத் தொட்டதே இல்லை, பூவான்."

"பிறகு எதற்கு இந்தக் கோட்டு?"

 எங்களுக்குச் சொல்லும் ஊதல் கதையை அங்கிளால் அங்கே சொல்ல முடியவில்லை. "ஆசைப்பட்டேன்" என்றார். இன்ஸ்பெக்டர் அதைத் தட்டச்சு செய்தார்.

"மகளின் நம்பர்?"

அங்கிளுக்கு அது மனப்பாடம். முதல் நான்கு எண்களைச் சொன்னார். பிறகு நின்றார். இன்ஸ்பெக்டரின் விரல்கள் காத்திருந்தன. வெளியே யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அங்கிளின் முகத்திலிருந்து வியர்வை மேசைக் கண்ணாடியில் சொட்டியது. அதைத் தன் கைக்குட்டையால் துடைத்தார்.

"பாதியில் விட்டால் நான் வேறு வழியில் வாங்கிக்கொள்வேன்" என்றார் இன்ஸ்பெக்டர், கடுமையில்லாமல். "நீங்களே சொல்வது அவருக்கும் நல்லது."

"சொல்லிருங்க" என்றார் ஆன்டி பெஞ்சிலிருந்து.

மிச்ச எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். அவருடைய போனிலிருந்தே கூப்பிடச் சொன்னார்கள். அங்கே அதிகாலை மூன்றரை இருக்கும். இரவுப் பணியில் இருந்தவள் இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். பின்னால் ஏதோ இயந்திரம் சீராகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

"டாடி?"

இன்ஸ்பெக்டர் தன் பெயரையும் பதவியையும் சொன்னார். மறுமுனையில் இயந்திரச் சத்தம் மட்டும். பிறகு ஒரு கதவு மூடும் ஒலி. அந்தச் சத்தமும் நின்றது.

"அந்தப் பெட்டியை அனுப்பியது நான்தான்" என்றாள் ஷார்மைன், பள்ளிக்கூடத்து மலாயில், ஒவ்வொரு சொல்லாக. "பாக்கெட்டுகளைப் பார்த்தேன். உள்துணியைப் பார்க்கவில்லை. அது என் தப்பு."

"நான் கேட்டதாலதான் அனுப்பினா" என்றார் அங்கிள். "அவ தப்பு இல்ல."

"டாடி, நீங்க பேசாதீங்க."

"நான் கேக்கலைன்னா அந்தக் கோட்டு அங்கயே..."

"டாடி."

"ஒருவர் ஒருவராகப் பேசுங்கள்" என்றார் இன்ஸ்பெக்டர். "உங்கள் வாக்குமூலம் நேரில் வேண்டும். எப்போது வர முடியும்?"

அங்கிள் போனுக்கு அருகில் குனிந்தார். தமிழில், வேகமாக, குரலைத் தாழ்த்தி: "வராதம்மா. மனு முடியட்டும். எது வந்தாலும் நான் பார்த்துக்கிறேன், நீ வராத."

இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தெரியாது. புரிந்திருக்க வேண்டும். பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"மேட்ரன்கிட்ட நேத்தே சொல்லிட்டேன் டாடி" என்றாள் ஷார்மைன். "கவுன்சிலுக்கும் எழுதிட்டேன். பதினெட்டாம் தேதிக்கு டிக்கெட் போட்டாச்சு." பிறகு மலாயில்: "டிசம்பர் பதினெட்டு, பூவான். காலையில் இறங்குகிறேன். அங்கிருந்து நேராக வருகிறேன்."

இன்ஸ்பெக்டர் தேதியை எழுதினார். அங்கிள் அந்தப் பேனா நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதி முடித்ததும் தாளைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார்கள். இந்த முறை அவர் கண்ணாடியைத் தேடவில்லை. படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.